அம்புக்குறி இல்லாத எண்

தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற அன்று காலையில் எல்லோரும் யசோதினியின் முகத்தைப் பார்த்தார்கள். சந்திரகாந்தி மட்டும் மகளுடைய இடது மேற்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே வெள்ளைப் பிளாஸ்டிக் வில்லை ஒன்று ஒட்டியிருந்தது. அதன் அடியில் மயிர் போன்ற ஒரு கம்பி சதைக்குள் இறங்கியிருக்கிறது. உடம்பில் சீனி எவ்வளவு ஓடுகிறது என்று அது பார்த்து, பக்கத்தில் இருக்கிற போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்கு சென்சார் என்று பெயர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் எல்லோரும் பட்டன் என்றார்கள். சந்திரகாந்தியின் அண்ணன் திலீபன் கட்டாரிலிருந்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவான். இரண்டு கிழமை, பதினான்கு நாள், தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும். ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மழைக்கும் வியர்வைக்கும் அந்தப் பசை அவ்வளவு நாள் நின்றதில்லை. அதனால் மேலே பிளாஸ்டர் ஒட்டி, அதற்கும் மேலே துணி சுற்றி, பிள்ளை அதைச் சொறியாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது கையில் இருப்பதுதான் கடைசி. அடுத்தது மாதக் கடைசியில் யாரோ ஒருவருடைய பெட்டிக்குள் இருந்து வரும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு யசோதினி தண்ணீர் தண்ணீர் என்று குடித்து, இளைத்து, ஒரு நாள் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தாள். தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியில் தூக்கிப் போட்டு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளையின் வாயிலிருந்து அழுகிய பழத்தின் வாடை வந்தது. சீனி ஏறினால் அந்த வாடை வரும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இன்றைக்கும் கடையில் பழுத்த அன்னாசி இருந்தால் சந்திரகாந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்து போவாள்.

போனில் இரண்டு விஷயங்கள் தெரியும். ஒரு எண், அதன் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. எண்ணைவிட அம்புக்குறியைத்தான் அவள் நம்பினாள். நூற்றிருபது என்றால் நல்ல எண். ஆனால் அம்பு கீழே பார்த்தால் அந்த நல்ல எண் கொஞ்ச நேரத்தில் கெட்டதாகிவிடும். தன் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்பதை எண் சொல்லும். எங்கே போகிறாள் என்பதை அம்பு சொல்லும். தாய்க்கு இரண்டாவதுதான் வேண்டியிருந்தது.

ஆனால் வீட்டில் போன் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் போனுக்கு இடமில்லை. லயத்து அறையான ஒரு காம்பராவின் தூரத்துக்கு மேல் போனால் பட்டன் போனோடு பேசாது. காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுத் தேயிலை மலைக்குப் போகும்போது சந்திரகாந்தி போனை இடுப்பில் கட்டிக்கொண்டு போவாள். கொழுந்து எடுக்கிற நேரமெல்லாம் அது சிக்னல் இல்லை என்று அதிரும். பிள்ளை பள்ளிக்கூடத்தில், போன் மலையில், சீனி எங்கேயோ. சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும், சீனியின் ஏற்ற இறக்கத்தைப் போன் வரைந்து காட்டுகிற, அறுந்து அறுந்து கிடக்கிற கோட்டைப் பார்த்து, காணாமல் போன இடங்களில் என்ன நடந்திருக்கும் என்று அவள் யோசிப்பாள்.

அதனால்தான், யசோதினி பெரியவளாகி, இஸ்தோப்பு என்கிற முன்திண்ணையின் மூலையில் சேலை மறைப்புக்குள் உட்கார வைக்கப்பட்ட நாட்களில் சந்திரகாந்திக்கு யாரிடமும் சொல்ல முடியாத ஒரு நிம்மதி இருந்தது. வேலைக்கு லீவு போட்டிருந்தாள். போன் மறைப்புக்கு இந்தப் பக்கம், பிள்ளை அந்தப் பக்கம். கோடு அறுபடவேயில்லை. பிள்ளை வெளியே வர முடியாமல் அழுதுகொண்டிருந்தபோது, இப்படியே இவள் இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று தாய் நினைத்தாள். நினைத்த பிறகு தன் நினைப்பைப் பார்த்துப் பயந்தாள்.

அந்த நிம்மதியும் முழுசாக இல்லை. யசோதினி இடது பக்கம் புரண்டு படுத்தால் பட்டன் அமுங்கும். அமுங்கினால் அது பொய் சொல்லும். சீனி விழுந்துவிட்டது என்று போன் அலறும். அப்படி அலறிய ஒரு விடியலில் அவள் பதறிப்போய்ச் சீனித்தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்து, பட்டனின் அமுக்கம் விட்டு, எண் முந்நூறுக்கு மேலே ஏறிவிட்டது. உடனே கட்டாரிலிருந்து போன். அண்ணனும் அங்கே இருந்தபடி அதே கோட்டைப் பார்க்கிறான்.

"என்ன காந்தி குடுத்த? இப்புடி ஏறிக் கெடக்கு?"

"எறங்குதுன்னு காட்டுச்சுண்ணே."

"விரலக் குத்திப் பாத்தியா?"

பார்க்கவில்லை. பட்டனில் சந்தேகம் வந்தால் விரலைக் குத்திப் பார், விரல் ரத்தம் சொல்வதுதான் கணக்கு என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதற்கு வேறு மெஷின், வேறு ஸ்டிரிப். ஸ்டிரிப் தீர்ந்து ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. வாங்கி வர, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற இந்தக் காலையில்தான் கணவன் சிவஞானம் ஆட்டோவை எடுத்துக்கொண்டு பதுளைக்குப் போனான். மாலையும் வாங்கிக்கொண்டு சடங்குக்கு முன்னால் வந்துவிடுவேன் என்றான்.

அவனுக்கு முன்னால் லுணுகலையிலிருந்து சுபாஜினி வந்து இறங்கினாள். திலீபனின் மனைவி. தாய்மாமன் கட்டாரில் இருப்பதால் சீரெல்லாம் அவள்தான் கொண்டுவந்தாள். பட்டுச் சேலை, வளையல், வாழைக்குலை, ஒரு பெரிய பானை நிறைய உளுந்தங்களி. கித்துள் கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் மிதக்கக் கிண்டிய களி.

"மதினி, களி வேணாங்க" என்றாள் சந்திரகாந்தி. "சொன்னேன்ல."

"சொன்ன, சொன்ன. இடுப்பு எலும்பு பலமாகணுமா வேணாமா இவளுக்கு? நாளைக்கு நீயா வந்து புள்ள பெத்துக் குடுப்ப?"

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். மறைப்புக்குள்ளிருந்து யசோதினியும் சிரிப்பது கேட்டது.

"ஒரு உருண்டைக்கே ஏறிரும் மதினி."

"பச்ச முட்டையும் எண்ணெயும் மட்டும் குடிச்சு என் மருமக உக்காந்திருக்கா. சரி விடு. நீ டொக்டருக்குப் படிச்சவ."

பானையை மூடி அடுப்படியில் வைத்துவிட்டு சுபாஜினி மறைப்புக்குள் போனாள். உள்ளே குசுகுசுவென்று பேச்சு. அத்தைக்கும் மருமகளுக்கும் எப்போதும் ஒட்டுதல் அதிகம். சந்திரகாந்தி அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்து பார்த்தாள். ஓரத்தில் ஒரு அகப்பை அளவுக்குக் களி எடுத்த குழி தெரிந்தது. வரும்போது மேலே வழித்து வைத்தது போல மட்டமாக இருந்தது. அவள் பானையை மூடி வைத்தாள். கேட்டால் சடங்கு நாளில் சண்டை. அண்ணன் காசில் வாங்கிய பட்டனைப் பிள்ளையின் கையில் ஒட்டிக்கொண்டு அண்ணன் பெண்டாட்டியிடம் என்ன கேட்பது?

லயத்துக்குப் பின்னால், மலைத் தண்ணீர் குழாயில் கொட்டுகிற பீலியடியில் பலகை போட்டு யசோதினியை உட்கார வைத்தார்கள். பட்டன் நனையாமல் இருக்க சந்திரகாந்தி பாலித்தீன் சுற்றிக் கட்டியிருந்தாள். சுபாஜினி அதைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"என்னாடி இது, சாக்குக் கடையா? நல்ல காரியத்துக்கு உக்காந்தவ கையில பாலித்தீன் கட்டிக்கிட்டு! போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்ப வேணாமா?"

"அத்தை, அம்மா ஏசும்" என்றாள் யசோதினி.

"ஏசட்டும்."

அதை அவிழ்த்துவிட்டுத் தலையிலிருந்து தோள்வரை எண்ணெய் வைத்தாள். பிள்ளையின் இரண்டு கையிலும் வெற்றிலையும் கருப்பட்டித் துண்டும் வைத்து, "இறுக்கிப் பொத்திக்க, கடைசிச் சொம்பு வரைக்கும் தொறக்கக் கூடாது" என்றாள். அது சுபாஜினி பிறந்த வீட்டு வழக்கம். பிறகு மஞ்சள் தண்ணீர். முதல் சொம்பு அத்தை ஊற்ற, அடுத்தடுத்து மற்றப் பெண்கள். பலகை வழுக்காமல் இருக்க ஒருத்தி வலது கையையும் ஒருத்தி இடது கையையும் பிடித்துக்கொண்டார்கள்.

சந்திரகாந்தியின் இடுப்பில் போன் அதிர்ந்தது. எழுபத்து நான்கு. எழுபதுக்குக் கீழே போனால் பிள்ளை மயங்கிவிடலாம். அம்பு கீழே.

"கைய அழுத்திப் புடிக்காதீங்க" என்றாள்.

"விட்டா வழுக்கி விழுந்துருவா."

மறுபடி அதிர்ந்தது. அறுபத்தொன்று. இப்போது இரண்டு அம்பு. கை அமுங்குவதால் பட்டன் சொல்கிற பொய்யா, வெறும் முட்டையும் எண்ணெயுமாக உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு மெய்யாகவே இறங்குகிறதா? அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். மஞ்சள் வழிந்துகொண்டிருந்தது. உதடு நடுங்கியது. பீலித் தண்ணீருக்கு யாருடைய உதடும் நடுங்கும்.

"மதினி, போதுங்க. நிப்பாட்டுங்க."

"இன்னும் ரெண்டு சொம்பு. பாதியில நிப்பாட்டக் கூடாது."

"புள்ளைக்கு எறங்குது."

"மொதல்ல ஏறுதுன்ன. இப்ப எறங்குதுங்குற. என்னாதான் செய்யுது அது?"

 அந்த நேரத்தில் போன் எண்ணை அழித்துவிட்டுக் கோடு கோடாகக் காட்டியது. சந்திரகாந்தி எட்டிப் பார்த்தாள். எண்ணெயில் ஊறிய பிளாஸ்டரோடு பட்டன் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கம்பி வெளியே வந்திருந்தது. அவ்வளவு மெல்லியதையா இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது.

கடைசிச் சொம்பு ஊற்றி முடியும்வரை அவள் நின்றாள். பிறகு துவாலையால் மகளைச் சுற்றிக் காம்பராவுக்குள் இழுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள்.

பட்டன் வருவதற்கு முன்னால் அவளுக்கு வேறு வழிகள் இருந்தன. பிடரியில் கைவைத்துப் பார்ப்பாள். சீனி இறங்கினால் அங்கே குளிர்ந்து வியர்த்திருக்கும். இப்போதும் கைவைத்தாள். பிடரி நனைந்து குளிர்ந்திருந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எது வியர்வை, எது பீலித் தண்ணீர் என்று அவளுடைய கைக்குத் தெரியவில்லை.

"தல சுத்துதாடி?"

"குளிருதும்மா."

"கண்ணு மங்குதா?"

"மஞ்சத் தண்ணி போயிருச்சு கண்ணுல. எரியுது."

மெஷினை எடுத்தாள். கடைசி ஸ்டிரிப்பைச் சொருகினாள். மகளின் கையைத் துவாலையில் துடைத்து, விரல் நுனியைக் குத்தி, ரத்தத்தைத் தொட வைத்தாள்.

நானூற்றுப் பன்னிரண்டு.

 பட்டன் அறுபத்தொன்று என்றது. விரல் நானூற்றுப் பன்னிரண்டு என்கிறது. சந்தேகம் வந்தால் விரல் சொல்வதுதான் கணக்கு. அன்னாசியின் வாடை எங்கிருந்தோ வருவது போல இருந்தது. மகளின் வாயை முகர்ந்து பார்த்தாள். எண்ணெய் வாடைதான் வந்தது.

அவள் விரலை நம்பியதற்கு டொக்டர் மட்டும் காரணமில்லை. பானையின் ஓரத்துக் குழி கண்முன்னால் நின்றது. மறைப்புக்குள் கேட்ட குசுகுசுப்பு காதில் இருந்தது. ஊட்டியிருக்கிறாள். எனக்குத் தெரியாமல் என் பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறாள். அந்த எண்ணைப் பார்த்தபோது பயத்தோடு இன்னொன்றும் அவளுக்குள் எழும்பியது. இத்தனை நாள் எல்லோருக்கும் முன்னால் தலைகுனிந்து நின்றதற்கு ஒரு சாட்சி கிடைத்தது போல. நான் சொன்னது சரி என்று அந்த எண் சொன்னது. அதனால் அது பொய்யாக இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

சீனியை இறக்குகிற இன்சுலின் ஊசிப் பேனாவைத் திருகி, ஆறு யூனிட் வைத்து, மகளின் வயிற்றில் குத்தி அழுத்தினாள். மருந்து முழுதும் இறங்கப் பத்து வரை எண்ண வேண்டும். எண்ணினாள்.

விரலைக் குத்தியதும் அதை வாயில் வைத்துச் சூப்புவது யசோதினியின் பழக்கம். இப்போதும் சூப்பிக்கொண்டிருந்தாள். தாய் ஐந்து என்று எண்ணும்போது விரலை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அம்மா, வெரலு இனிக்குது."

ஆறு.

"கருப்பட்டி. கையிலயே கரைஞ்சு போச்சும்மா. பெசுக்கு பெசுக்குன்னு இருக்கு."

அதற்கு மேல் அவள் எண்ணவில்லை. ஊசியை வெளியே இழுத்தாள். இழுத்தால் மட்டும் என்ன? போனது போனதுதான். வயிற்றில் குத்திய இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தாள், அங்கிருந்து மேலே பரவாமல் தடுத்துவிடலாம் என்பது போல. ரத்தம் அப்படி நிற்பதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

விரலில் ஒட்டிய கருப்பட்டியைத்தான் மெஷின் அளந்திருக்கிறது. துவாலை தண்ணீரைத்தான் துடைத்தது. அப்படியென்றால் அறுபத்தொன்று? அதற்கு மேல் ஆறு யூனிட்?

"மதினி!" என்றாள். கதவைத் திறந்து மறுபடியும் கூப்பிட்டாள். "மதினி! களியக் கொண்டாங்க!"

பட்டுச் சேலையோடு வந்த சுபாஜினி வாசலில் நின்றாள்.

"என்னாது?"

"களி. சீக்கிரம் கொண்டாங்க. சீனித்தண்ணியும் கலக்கிக் கொண்டாங்க."

"காலையில நான் கெஞ்சுனப்ப வேணான்ன. இப்ப நீயே ஊட்டப்போறியா?" கேட்டவள் சந்திரகாந்தியின் முகத்தைப் பார்த்ததும் அடுப்படிக்கு ஓடினாள்.

முதலில் சீனித்தண்ணீர். ஒரு கோப்பை முழுக்கக் குடிக்க வைத்தாள். பிறகு களி. உருட்டி உருட்டி வாயில் திணித்தாள். இரண்டு வருடமாக எதையெல்லாம் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்து அப்பால் வைத்தாளோ, அதையெல்லாம் இப்போது அவளுடைய கையே ஊட்டியது. யசோதினி முதல் இரண்டு வாயைக் கண்ணை மூடி ருசித்துத் தின்றாள். இன்னொரு பிள்ளையாக இருந்தால் அந்த முகத்தைப் பார்த்துத் தாய் சந்தோஷப்பட்டிருப்பாள்.

"நீங்க ஊட்டிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள் சந்திரகாந்தி, நிமிராமல்.

"நானா?"

"பானையில ஒரு அகப்பை கொறைஞ்சிருந்துச்சு."

சுபாஜினி பிள்ளையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "சாமிக்கு எடுத்து வச்சேன்டி" என்றாள். "வெளக்குக்கிட்ட போய்ப் பாரு, இன்னும் இலையில கெடக்கு. நீ வேணான்னதுக்கு அப்பறம் ஒரு பருக்கை குடுக்கல. இவளே கேட்டா. அம்மாவுக்குத் தெரிஞ்சா அழும், வேணான்டின்னுதான் சொன்னேன்."

குசுகுசுப்பு அதுதானா? திட்டினாலாவது தாங்கியிருக்கலாம். சுபாஜினி திட்டவில்லை. மருமகளின் ஈரத் தலையைத் தன் பட்டுச் சேலை முந்தானையால் துவட்டத் தொடங்கினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருவோமா?"

"ஆட்டோவ அவர் கொண்டு போயிட்டாருங்க."

வேறு ஆட்டோவுக்கு ஒருத்தி ஓடினாள். மேல் லயத்து ஆட்டோ ஹாலிஎலைக்குப் போயிருப்பதாகத் திரும்பி வந்து சொன்னாள். இஸ்தோப்பில் பெண்கள் ஆரத்தி எடுக்கிற ஆலாத்தித் தட்டோடு நின்றார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை. புரிந்தாலும் செய்வதற்கு எதுவும் இல்லை. சிவஞானத்துக்கு எடுத்தால் போன் போகவில்லை. வளைவுகளில் எங்கேயாவது வந்துகொண்டிருப்பான்.

போன் மட்டும் விடாமல் அதிர்ந்தது. புதிய சென்சாரைப் பொருத்தச் சொல்லி இங்கிலீஷில் கேட்டது. அந்த எழுத்துகளை வாசிக்கத் தேவையில்லை, அவற்றின் உருவமே அவளுக்குப் பழக்கம். இல்லாததைப் பொருத்து என்று அது எத்தனை தரம் கேட்கும்?

யசோதினி தாயின் மடியில் சாய்ந்து கொட்டாவி விட்டாள்.

"தூங்காத."

"தூக்கம் வருதும்மா. வெள்ளெனவே எழுப்பிட்டீங்கல்ல."

அது களைப்பின் கொட்டாவியா, இறக்கத்தின் கொட்டாவியா? தன் பிள்ளையின் ஒவ்வொரு அசைவுக்கும் இரண்டு அர்த்தம் இருந்தது. இரண்டும் எதிரெதிராக இருந்தன. பெற்ற தாய்க்குத் தெரியாதா என்பார்கள். தெரியவில்லை. இந்த உடம்பு தன் உடம்பிலிருந்து வந்தது என்பதெல்லாம் எதற்கும் உதவவில்லை. அதன் உள்ளே நடப்பதைக் கேட்க அவளுக்கு ஒரு வழியும் இல்லை. மகளின் கன்னத்தைத் தட்டி, பாடத்தில் கேள்வி கேட்டு, பெயரைச் சொல்லச் சொல்லி, நடுநடுவே ஒரு வாய் ஊட்டினாள்.

ஆட்டோவின் சத்தம் கேட்டபோது யார் முதலில் ஓடினார்கள் என்று தெரியவில்லை. சிவஞானம் ஒரு கையில் மாலையும் ஒரு கையில் ஸ்டிரிப் பெட்டியுமாக உள்ளே வந்தான். "என்னா, என்னா" என்று கேட்டுக்கொண்டே நின்றான்.  சந்திரகாந்தி மகளின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். மறுபடி கழுவினாள். நகக்கண்ணைத் தேய்த்தாள். சுத்தத் துணியால் துடைத்து, தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். சவர்க்காரக் கசப்பு மட்டும் இருந்தது. குத்தினாள்.

தொண்ணூற்றேழு.

"தொண்ணூத்தேழு நல்லதா?" என்றாள் சுபாஜினி.

"நல்லதுதான்" என்றான் சிவஞானம்.

சுபாஜினி சாமி இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். இஸ்தோப்பில் பெண்கள் பெருமூச்சு விட்டுப் பேசத் தொடங்கினார்கள். யாரோ மாலையைத் தண்ணீர் தெளித்து வைக்கச் சொன்னார்கள். சந்திரகாந்தி மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தொண்ணூற்றேழுக்குப் பக்கத்தில் அம்பு இல்லை, வெறுமையாக இருந்தது. குடித்த சீனி இன்னும் ஏறுகிறதா? போட்ட மருந்து இனிமேல்தான் இழுக்கப்போகிறதா? களி மெதுவாகக் கரையும். மருந்து வேகமாகப் போகும். இரண்டும் எங்கே சந்திக்கும் என்று அவளால் கணக்குப் போட முடியவில்லை.

"வா புள்ள, ஆஸ்பத்திரிக்கே போயிருவோம்" என்றான் சிவஞானம். அவள் தலையாட்டினாள். போகும் வழியில் எத்தனை தரம் குத்தினாலும் அம்பு இல்லாத எண்தான் கையில் இருக்கும்.

போன் அடித்தது. அண்ணன்.

"என்ன காந்தி, கோடு நின்னு போச்சு? நான் இங்க வேலைய உட்டுட்டுப் பாத்துக்கிட்டே இருக்கேன். அறுவத்தொண்ணுல நின்னு போச்சு. புள்ள எப்புடி இருக்கா?"

"தொண்ணூத்தேழுண்ணே. விரல்ல பாத்தேன்."

"அப்பாடா." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டான்: "ஏறுதா, எறங்குதா?"

சந்திரகாந்தி போனைக் காதிலேயே வைத்திருந்தாள். இன்னொரு கையால் களியில் ஒரு சின்ன உருண்டை உருட்டினாள். யசோதினி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையைத் திருப்பினாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"போதும்மா. வயிறு முட்டுது. இனிப்பே வேணாம்."

உருண்டை விரல்களுக்கிடையில் கரைந்து ஒட்டத் தொடங்கியது. சிவஞானம் மகளைத் தூக்கிக்கொண்டு நடக்க, சந்திரகாந்தி அதை அவளுடைய வாய்க்கு நேராகப் பிடித்தபடியே ஆட்டோவில் ஏறினாள்.